என் வட்டம் போட்டியாளரிடமிருந்துதான் தொடங்கியது

சொந்தத் தொழில் தொடங்கி ஓராண்டு ஆகிறது, துணை நிற்க ஆளில்லை, ஆதரவான வட்டத்தை எப்படி உருவாக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டங்களுக்குப் போய் விசிட்டிங் கார்டு கொடுத்தும் ஒருவரும் திரும்ப அழைக்காத நிலையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன், "வீட்டுக்காரர் வரவில்லையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது மட்டும் எனக்குக் கூடுதல் வேலை.

திருப்பூரில் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கம்பெனிகள் தரும் துணியில் கூலிக்கு, எம்பிராய்டரி போடும் சிறிய பட்டறை என்னுடையது. இங்கே ஒரு டி-சர்ட் பெட்டியில் ஏறுவதற்குள் நிட்டிங், சாயம், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல் என ஒவ்வொன்றும் பெரும்பாலும் வேறு வேறு இடத்தில் நடக்கும். 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே தடுமாறியதற்குக் காரணமும் இந்தச் சங்கிலிதான்.

சில ஆண்டுகளுக்கு முன், குழந்தைகள் சட்டையின் முன்பாகம் 3,000 எண்ணம் கைக்கு வந்திருந்தது. 1,800 முடிந்த நிலையில் இயந்திரத்தை இயக்கும் மின்னணு போர்டு போய்விட்டது. புதியது வர நான்கு நாள் ஆகும் என்றார் மெக்கானிக். எனக்கு இருந்ததோ ஒன்றரை நாள். அழுகையை அடக்கிக்கொண்டு நான் அழைத்தது அடுத்த வீதியில் இதே வேலை செய்பவரைத்தான். "டிசைனைப் பென்டிரைவ்ல போட்டுக்கிட்டு நூலோட வா அம்மணி, ராத்திரி ஷிப்டு ரெண்டு மெஷினும் சும்மாத்தான் கெடக்குது" என்றார். விடியும்வரை ஓட்டி, துணியின் ஷேடு (நிறச் சாயல்) மாறிவிடக் கூடாதென்று பண்டல் எண் வரிசை கலையாமல் கட்டி, என் பெயருக்கே டெலிவரி சலான் (சரக்கோடு போகும் சீட்டு) போட்டுக் கொடுத்தார். வேலை எந்தக் கம்பெனியுடையது என்று அவர் கேட்கவே இல்லை. பின்னாளில் அங்கே போய் ரேட்டைக் குறைத்துச் சொல்லவும் இல்லை.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? அதற்கு ஓராண்டு முன்பு, ஒரு கம்பெனியின் பட்டுவாடா எப்படி என்று என்னிடம் விசாரித்தார். என் பணம் ஐந்து மாதமாக அங்கே நிற்பதை, பில்லையே எடுத்துக் காட்டிச் சொன்னேன். அந்த ஒரு பேச்சுதான் எங்களுக்குள் முதல் கணக்கு.

சங்கங்கள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1990-இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கத்தின் முயற்சியில் நேதாஜி ஆடைப் பூங்கா வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்குப் போர்டு போனால், போனை எடுக்கக்கூடியவரின் எண் வேறு. போட்டியாளரை நம்பினால் வாடிக்கையாளரை இழப்பாய் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அப்படி ஒருமுறை இழந்தும் இருக்கிறேன். அதன்பின் யாரிடம் எதைச் சொல்லலாம் என்று பார்த்துப் பேசுகிறேனே தவிர, பேசுவதை நிறுத்தவில்லை.

பணம் நிற்பதைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியவில்லை. குறு, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உத்யம் என்ற சிறுதொழில் அரசுப் பதிவு வைத்திருப்பவர், நிலுவைப் பணத்துக்காக இதற்கென உள்ள வசதி மன்றத்தில் முறையிடலாம். ஆனாலும் முறையிட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். பணம் கைக்கு வராத பில்லுக்கும் ஜிஎஸ்டியை மட்டும் உரிய நாளில் நாமே கட்டிவிடுகிறோம். தனியாக இருப்பவரிடம்தான் இந்தப் பயம் நன்றாக வேலை செய்கிறது.

இப்போது நாங்கள் ஐந்து பட்டறைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறோம். புதிய கம்பெனி ஒன்று வேலை தர வந்தால், ரேட் பேசுவதற்கு முன் மற்ற நால்வரையும் கேட்டுவிடுகிறேன். போன மாதம் அப்படிக் கேட்டு ஒரு வேலையைத் திருப்பி அனுப்பினேன். அந்த வாரம் இயந்திரம் இரண்டு நாள் சும்மா நின்றது, மூன்றாம் நாள் ஓட்டுவதற்கு அந்த அடுத்த வீதி அண்ணனே 600 பீஸ் அனுப்பினார்.