வயிற்றுக்குள் விட்ட துணி: ஒன்றரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 38. வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பார். இருபது மாதங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரத்திலேயே வயிற்றுவலி தொடங்கிவிட்டது. அதே மருத்துவமனைக்கு மூன்று முறை போனோம். வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஏழாவது மாதம் வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்ததில், அறுவைச் சிகிச்சையின்போது வைத்த காஸ் துணி உள்ளேயே இருப்பது தெரிந்தது. குடலோடு ஒட்டிக்கொண்டதால் சிறுகுடலில் ஒரு பகுதியையும் வெட்டி எடுத்தார்கள். செலவு 2 லட்சத்து 30 ஆயிரம். இப்போது முதல் மருத்துவமனை 1.5 லட்சம் தருகிறேன், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுங்கள் என்கிறது. என் மனைவியால் அரை மணி நேரம்கூட மெஷினில் உட்கார முடியவில்லை. நாங்கள் எதற்கெல்லாம் இழப்பீடு கேட்க முடியும்?

பதில்: முதலில், அந்தக் காகிதத்தில் இருவருமே கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் பிறகு நீங்கள் எங்கே போனாலும் அதைத்தான் முதல் ஆவணமாக எடுத்து நீட்டுவார்கள். அவர்கள் தருவதாகச் சொல்லும் தொகை இரண்டாவது ஆபரேஷன் பில்லுக்கே போதாது. உங்கள் மனைவி இழந்தவற்றில் அந்த பில் ஒரு சிறு பங்குதான்.

இழப்பீடு கேட்டு வருகிறவர்களை இத்தனை வருடங்களாகப் பார்க்கிறேன். பாதிப்பேர் பில் தொகையை மட்டும் கேட்பார்கள். மீதிப்பேர் ‘மன உளைச்சலுக்கு ஐம்பது லட்சம்’ என்று ஒரே வரி எழுதி வருவார்கள். இரண்டிலும் நஷ்டம் அவர்களுக்குத்தான். இத்தகைய புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் மொத்தமாக ஒரு தொகையைத் தூக்கிக் கொடுப்பதில்லை, தலைப்பு தலைப்பாகத்தான் கணக்குப் போடும். அமெரிக்காவில் வாழ்ந்துவந்த ஒரு பெண் 1998-ல் தவறான சிகிச்சையால் இறந்துபோன கொல்கத்தா வழக்கில், 2013-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 6.08 கோடி ரூபாய் கொடுத்தது. அதில் வருமான இழப்பு மட்டும் 5.72 கோடி. வலிக்கும் வேதனைக்கும் கிடைத்தது 10 லட்சம். எண்ணிக் காட்ட முடிந்ததுதான் பெரிய தொகையாக வந்திருக்கிறது.

உங்கள் கணக்கை இனிப் போடுவோம். ஏற்கெனவே செலவான பணத்தில் தொடங்குங்கள். இரண்டாவது ஆபரேஷன், ஸ்கேன், மருந்து, போக்குவரத்து, கூட இருந்தவர்களின் சாப்பாடு, நீங்கள் லீவு போட்டதில் பிடித்த சம்பளம் எல்லாம் இதில் வரும். வலிக்காக அந்த மூன்று முறை கட்டிய ஃபீஸையும் விட்டுவிடாதீர்கள். ரசீது இல்லாத செலவுகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, பிரமாண வாக்குமூலத்தில் சேர்த்துக் கொடுக்கலாம்.

அடுத்தது வருமானம். உங்கள் வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. ‘வீட்டில் தைக்கிறவருக்குச் சம்பளச் சான்றிதழ் ஏது’ என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் இதேபோல ஒரு தையற்காரப் பெண் என்னிடம் வந்தார். காட்ட ஒன்றுமில்லை என்றார். அளவு நோட்டு வைத்திருப்பீர்களே என்று கேட்டேன், மறுநாள் கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பக்கம் மார்பளவு, கைநீளம், கழுத்து இறக்கம், ஓரத்தில் குண்டூசி குத்திய துணித்துண்டு, கீழே தேதியும் கூலியும். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு அத்தனை பக்கமும் வெறும் கோடுதான். அந்த நோட்டைச் சான்றாவணமாகக் குறித்தோம். வாடிக்கையாளர் இரண்டு பேரிடம் வாக்குமூலம் வாங்கினோம். மாத வருமானத்தை எதிர்தரப்பு வக்கீலால் அசைக்க முடியவில்லை. உங்கள் மனைவியிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். ஜிபே, போன்பேயில் வந்த பணத்துக்கு வங்கி ஸ்டேட்மென்ட்டும் எடுங்கள்.

தையலோடு முடியவில்லை. சமையல், துணி துவைப்பது, பிள்ளைகளைக் கவனிப்பது என்று அவர் செய்துவந்த வீட்டு வேலைக்கும் பணமதிப்பு உண்டு. விபத்து வழக்குகளில் 2010-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இப்போது வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அந்தச் சம்பளத்தையும் எழுதுங்கள். உறவுக்காரர் வந்து செய்தாலும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது, இனி வரப்போகும் செலவு. குடல் வெட்டியவருக்குத் தொடர் பரிசோதனையும் சத்துக்குறைவுக்கான மருந்தும் தேவைப்படலாம், மறுபடி அடைப்பு வரவும் இடமுண்டு. இரண்டாவது ஆபரேஷன் செய்த டாக்டரிடம், இனி என்ன சிகிச்சை தேவைப்படும், சுமாராக எவ்வளவு ஆகும், எவ்வளவு நேரம் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று எழுதி வாங்குங்கள். 1996-ல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் உரிய காலத்தில் கண் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போனது. அந்த வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் அதுவரை ஆன செலவுக்கு 42 லட்சத்துக்கு மேலும், எதிர்காலச் சிகிச்சைக்கு விலைவாசி உயர்வையும் சேர்த்து 1.38 கோடியும் கொடுத்தது. ஹைதராபாத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒரு இளைஞருக்கு 2009-ல் கிடைத்த 1 கோடியில் நர்ஸ், பிசியோதெரபி, வண்டி ஓட்டுபவர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கு இருந்தது.

பிறகுதான் வலி, மன உளைச்சல், வாழ்க்கையில் இழந்த நிம்மதி. கேட்க வேண்டும், கட்டாயம் கேட்க வேண்டும். ஏழு மாதம் வலியோடு கிடந்தவரிடம் மூன்று முறை ‘வாயு’ என்று சொல்லி அனுப்பியது எனக்கே பொறுக்கவில்லை. கணவர் என்ற முறையில் உங்கள் வேதனைக்கும் தனியாகக் கேட்கலாம். தவறான ஊசியால் மூளை பாதித்த ஒரு குழந்தைக்கு 1998-ல் 12.5 லட்சமும், பெற்றோரின் மனவேதனைக்குத் தனியாக 5 லட்சமும் கிடைத்திருக்கின்றன. அதனால் புகாரில் இருவர் பெயரையும் புகார்தாரராகப் போடுங்கள். வட்டியையும் வழக்குச் செலவையும் கோரிக்கையில் சேர்க்க மறக்காதீர்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவில் தண்டனையாக விதிக்கும் கூடுதல் தொகைக்கும் இடமிருக்கிறது. அது எல்லா வழக்கிலும் கிடைத்துவிடாது, ஆனால் வலியோடு திரும்பி வந்தவரை ஸ்கேன்கூட எடுக்காமல் அனுப்பிய உங்கள் வழக்கில் கேட்க நியாயம் இருக்கிறது.

எங்கே போடுவது? உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் மருத்துவமனைக்கு நீங்கள் கட்டிய பணத்தைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. கட்டியது 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. ஆகவே 30 லட்சம் கேட்டால் ஃபீஸ் ஏறிவிடுமோ என்று பயந்து தொகையைக் குறைக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு.

உள்ளே துணியை விட்டது போன்ற வழக்கில் தவறு தானே பேசும். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் இரண்டாவது மருத்துவமனையின் ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் ரிப்போர்ட், எடுத்த துணியின் போட்டோ, பயாப்சி ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். முதல் மருத்துவமனைக்கு இன்றே பதிவுத் தபாலில் கேஸ் ஷீட் முழுவதையும் கேட்டு எழுதுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நெறிமுறை விதி. வெளிநோயாளியாகப் போன அந்த மூன்று சீட்டுகள் மிக முக்கியம், பத்திரமாக வையுங்கள்.

போலீஸ் புகாரும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகாரும் தனி வழிகள். அவற்றால் பணம் வராது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது உங்கள் தேதிதான். புகாருக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு. துணி இருப்பது தெரிந்து 13 மாதம்தான் ஆகிறது, இன்னும் 11 மாதம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 1993-ல் ஆபரேஷன், 2002-ல் வயிற்றிலிருந்து துணி எடுக்கப்பட்டது, 2004-ல் புகார் என்று வந்த மும்பை வழக்கு ஒன்றில், வலி தொடங்கிய காலத்திலேயே விசாரித்திருக்க வேண்டும் என்று சொல்லி 2010-ல் உச்ச நீதிமன்றம் புகாரைத் தள்ளிவிட்டது. உங்கள் மனைவி சும்மா இருக்கவில்லை, மூன்று முறை அதே இடத்துக்குப் போனார், அவர்கள் சொன்னதை நம்பினார். அதனால் உங்கள் நிலை அதைவிடப் பலமானது. இருந்தாலும் அந்த வாதத்துக்கு இடமே கொடுக்க வேண்டாம். வலி தொடங்கிய நாளிலிருந்து எண்ணினாலும் உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. சமரசப் பேச்சு நடக்கிறது என்பதற்காகக் காலவரம்பு நிற்காது. நோட்டீஸ் அனுப்பினாலும் நிற்காது.

பேசக் கூப்பிட்டால் போங்கள், தப்பில்லை. மேலே சொன்ன கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒத்துவந்தால் வக்கீல் பார்த்த பிறகு கையெழுத்து. ஒத்துவராவிட்டால், பேச்சு எந்த நிலையில் இருந்தாலும், அடுத்த இரண்டு மாதத்துக்குள் புகாரைத் தாக்கல் செய்துவிடுங்கள்.