மூன்று லட்சம் கடன் வேண்டாம், சர்வர் சோதனை பழகட்டும்

ஐயா, பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்த மகனை மூன்று லட்சம் கடன் வாங்கி ஏ.ஐ. சான்றிதழ்ப் படிப்பில் சேர்க்கச் சொல்லி உங்கள் சகலை நெருக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனாலும் சேர்க்காதீர்கள். தவணை கட்டப்போவது சகலை இல்லை. தவிர, டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி (க்வெரி) ஏன் மெதுவாக ஓடுகிறது என்று ராத்திரி முழுக்கக் குடைகிற பையன் என்றும் நீங்கள்தானே எழுதினீர்கள்?

அந்தக் குணத்துக்கென்றே ஒரு வேலை இருக்கிறது: டேட்டாபேஸ் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங். ஏ.சி. தட்கல் காலை 10 மணிக்குத் திறந்ததும் கூட்டம் மொத்தமாக மோதுமே, அந்த மாதிரிச் சுமையைச் செயற்கையாக உண்டாக்கி, சர்வர் எங்கே திணறுகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது.

பழக ஒரு பைசா வேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம், செயற்கைச் சுமை தரும் பிஜிபெஞ்ச் என்ற கருவி கூடவே வரும். சோதனைத் தரவின் அளவைக் குறிக்கும் ஸ்கேல் எண்ணை 100 என்று கொடுத்தால் 1 கோடி வரிகள், சுமார் 1.5 ஜிபி. 8 ஜிபி ராம் உள்ள கணினியில் அது முழுக்க நினைவகத்திலேயே அடங்கிவிடும். டிஸ்கிலிருந்து படிக்கும் வேகம் தெரிய ஸ்கேல் 1000 வேண்டும். ஸ்கேல் 1 வைத்து 50 கிளையன்ட்டை (ஒரே நேரத்தில் இணையும் பயனர்களை) ஓட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. பிஜிபெஞ்ச் ஒரு வங்கியைப் போலப் பாவனை செய்யும்; அதன் கிளைகளுக்கான டேபிளில் அப்போது ஒரே வரிதான் இருக்கும். 50 பேரும் அந்த வரியைத் திருத்த அதன் ஒரே பூட்டுக்குக் காத்துக் கிடப்பார்கள். கிளையன்ட் எண்ணிக்கைக்குக் குறையாமல் ஸ்கேல் இருக்கட்டும்.

அரை நிமிட ஓட்டத்தை நம்பக் கூடாது. மாற்றாமல் விட்டால் போஸ்ட்கிரெஸ் 5 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட் போடும் (நினைவகத்தில் மாறியதை டிஸ்கில் எழுதும்), தடுமாற்றம் அப்போதுதான் வெளிப்படும். ஆகவே 20 நிமிடமாவது ஓட்டட்டும். முடிந்தால் பிஜிபெஞ்சை வேறு கணினியிலிருந்து இயக்கட்டும். ஒரே கணினி என்றால் இரண்டும் சி.பி.யு.வுக்கு அடித்துக்கொள்ளும். பதில் வரும் நேரம் சராசரி 30 மில்லி நொடி என்று பார்த்து மகிழக் கூடாது. நூற்றில் 98 பேருக்கு 10 மில்லி நொடி, இருவருக்கு 1 நொடி என்றாலும் சராசரி ஏறக்குறைய அதே 30தான். ஒவ்வொரு பதிலின் நேரமும் பதிவாகும் லாக் கோப்பை எடுத்து 99ஆம் சதமானத்தை (நூற்றில் 99 பேருக்கு எத்தனை நேரத்துக்குள் பதில் வருகிறது என்பதை) அவனே கணக்கிடட்டும். பிறகு போஸ்ட்கிரெஸ் தரவை வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதியான ஷேர்டு பஃபர்ஸை வழக்கமான 128 எம்பியிலிருந்து ஏற்றி மறுபடி ஓட்டட்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

எடுத்த எடுப்பில் இந்தப் பதவிப் பெயரோடு வேலை கிடைப்பது அரிது. சாதாரண டெஸ்டராகவோ டி.பி.ஏ. (டேட்டாபேஸ் நிர்வாகி) உதவியாளராகவோதான் நுழைய வேண்டியிருக்கும். நேர்காணலில் காட்ட, அவன் கையால் எடுத்த அளவீடுகள் நாலு பக்கம் இருக்கட்டும்.

மூன்று மாதம் கொடுங்கள். அலுத்துப்போனால் வேறு வழி பேசுவோம். அப்போதும் கடன் வேண்டாம்.