ஊர் நற்பணி மன்றத்துக்கு எந்த வங்கியில் கணக்குத் திறப்பது நல்லது?

எந்த வங்கி என்பது கடைசிக் கேள்வி. மன்றம் பதிவானதா என்பதுதான் முதல் கேள்வி.

வசூல் பணம் இப்போது பொருளாளரின் சொந்தக் கணக்கில் கிடக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வங்கி பணத்தைக் கொடுப்பது அவருடைய நாமினியிடம்தான், மன்றத்திடம் அல்ல. வருமான வரித் துறைக்கும் அது அவருடைய பான் எண்ணில் விழுந்த பணம்.

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்திருந்தால் சேமிப்புக் கணக்கே திறக்கலாம். கவுன்ட்டரில் "சங்கம்னா கரன்ட் அக்கவுன்ட்தான்" என்பார்கள். பதிவுபெற்ற சங்கங்களுக்கு ரிசர்வ் வங்கி விதியிலேயே விலக்கு உண்டு, மேலாளரிடம் கேளுங்கள். பதிவில்லாத குழுவுக்கு நடப்புக் கணக்குதான் வழி, வட்டி கிடையாது.

கொண்டுபோக வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், பைலா (சங்கத்தின் விதிமுறைகள்), சங்கத்தின் பெயரிலேயே எடுத்த பான் (செயலாளருடைய பான் செல்லாது), நிர்வாகிகள் பட்டியல், கையெழுத்திடுவோரின் ஆதார், பான், போட்டோ, கணக்குத் திறக்கும் தீர்மானத்தின் நகல். தரும காரியம் செய்யும் அமைப்பென்றால் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் (தொண்டு அமைப்புகள் பதியும் இணையதளம்) செய்த பதிவையும் கேட்பார்கள். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். சான்றிதழிலும் பானிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒத்துப்போகாது. அல்லது பைலாவில் "செயலாளரும் பொருளாளரும்" என்றிருக்க, தீர்மானத்தில் "தலைவரும் பொருளாளரும்" என்று எழுதியிருப்பார்கள். பைலாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீர்மானம் எழுதுங்கள்.

செக்கில் கையெழுத்திடும் அதிகாரத்தை, பைலா இடம் தந்தால், "மூவரில் எவரேனும் இருவர் கூட்டாக" என்று போடுங்கள். குறிப்பிட்ட இருவர் என்று போட்டால், ஒருவர் மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் போனாலே செக் நின்றுவிடும். ஒருவர் கையெழுத்தே போதும், அதுதான் வசதி என்று சொல்ல யாராவது வருவார்கள். வசதிதான், கணக்குக் கேட்கும் பொதுக்குழு வரும்வரை.

கூட்டுக் கையெழுத்துக் கணக்கில் பொதுவாக யுபிஐயில் பணம் அனுப்ப முடியாது. நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதி உண்டா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் இருப்பைப் பார்க்க மட்டும்தான் விடுவார்கள். வங்கியைத் தேர்ந்தெடுக்க இது ஒன்று. நடந்துபோகும் தூரத்தில் கிளை, குறைந்தபட்ச இருப்பு, மாதம் எவ்வளவு ரொக்கம் கட்டணமில்லாமல் கட்டலாம் என்பவை மற்றவை. ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடுவதானால், வங்கிகளில் உள்ள 5 லட்சம் ரூபாய் வைப்புக் காப்பீடு அங்கே கிடையாது. அந்தச் சங்கங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய அண்ணன் அனுப்பும் பத்தாயிரம் ரூபாய், நம்மூர்க்காரர் பணமே ஆனாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் வரவு வைக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து முறைப்படி வங்கிவழி அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை.

கேட்காத ஒன்று: பேர் போடாமல் 501 ரூபாய் அனுப்பிவிட்டு, மூன்று மாதம் கழித்து வாட்ஸாப்பில் ஸ்க்ரீன்ஷாட் போட்டு "ரசீது எங்கே?" என்று கேட்கும் நன்கொடையாளர்களே, அனுப்பும்போதே குறிப்பில் பெயரை எழுதினால் உங்கள் கை தேய்ந்துவிடுமா?