கோரைக்கு டில்லர் விடாதீர்கள்

காரிமங்கலம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் செம்மண். தக்காளி, மிளகாய், ஓரத்தில் பத்து குண்டுமல்லிச் செடி. நடுவில் எங்கு பார்த்தாலும் கோரை. பிடுங்கினால் ஒரு வாரத்தில் திரும்ப வருகிறது. போன மாதம் பவர் டில்லர் வைத்து ஓட்டினோம். இப்போது முன்பைவிட இரண்டு பங்கு ஆகிவிட்டது. உப்பு கரைத்து ஊற்றலாமா, இல்லை மருந்து ஏதாவது உண்டா?"

உப்பு வேண்டவே வேண்டாம். கோரை சாகிற அளவுக்கு உப்பு போட்டால் அந்த மண்ணில் அப்புறம் தக்காளியும் வராது, மல்லியும் வராது.

முதலில் அது கோரைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். உருளாமல் மூன்று விளிம்பு தட்டினால் கோரை. வழவழவென்று உருண்டால் அருகு மாதிரி ஏதோ ஒரு புல், அதற்கு வைத்தியம் வேறு.

கோரையின் உயிர் கிழங்கில் இருக்கிறது. நாட்டு மருந்துக்கடையில் குளியல் பொடிக்கு வாங்குகிறோமே, அதே வாசனைக் கிழங்குதான். ஒரு கிழங்கிலிருந்து கம்பி போல ஒரு தண்டு மண்ணுக்குள்ளேயே ஓடி அடுத்த கிழங்கை வைக்கும், அதிலிருந்து இன்னொன்று. இப்படி ஜபமாலை கோத்தது போல நீண்டுகொண்டே போகும். பெரும்பாலானவை மேல் அரை அடிக்குள் இருக்கும், சில ஒரு அடிக்கும் கீழே போய்விடும். மாலை அறுபடாமல் இருக்கும்வரை முளைவிட்டு நிற்கும் கிழங்கு மற்றவற்றை அடக்கி வைத்திருக்கும், அவை தூங்கும். அறுந்தால் ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். உங்கள் டில்லர் செய்தது அதைத்தான்: தூங்கிக்கொண்டிருந்ததை எல்லாம் தட்டி எழுப்பி, தோட்டம் முழுக்கப் பரப்பியும் விட்டது. கையால் வெடுக்கென்று பிடுங்கும்போதும் தழைதான் வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும்.

இதற்குப் பலவீனம் இரண்டு. கிழங்கு காய்ந்தால் செத்துவிடும். தழை நிழலில் நிற்காது.

அதனால் பங்குனி, சித்திரைதான் சரியான காலம். தக்காளி முடிந்ததும் அந்த இடத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். நம் செம்மண் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், எனவே தோண்டுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மட்டும் லேசாக நனைத்துக்கொள்ளலாம். பொலபொலவென்று இருக்கும்போது கடப்பாரையால் ஒரு அடி ஆழம் நெம்பி, கட்டியோடு புரட்டி, மாலை அறுபடாமல் உருவி எடுங்கள். மண்வெட்டியால் கொத்தினால் துண்டாகிவிடும். கொத்தனார் மணல் சலிக்கும் ஜல்லடை கிடைத்தால் அந்த மண்ணைச் சலித்தே விடலாம். மூன்று சென்ட்தானே, ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று இல்லை. தப்பிய கிழங்கு வெயிலில் காய, புரட்டிய மண்ணை இரண்டு வாரம் அப்படியே போட்டு, நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். கோடை மழை வந்து நனைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். எடுத்த கிழங்கைக் குப்பைக்குழியில் போடாதீர்கள், உரத்தோடு தோட்டத்துக்கே திரும்பி வரும். சிமெண்ட் தரையில் சுக்காகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.

மல்லிக்கு ஒரு அடி தள்ளியே தோண்டுங்கள். செடியின் தூரில் இருப்பதைக் களைக்கொத்தால் மட்டும் எடுங்கள்.

இதற்குப் பிறகும் முளைக்கும். வெளியே வந்த முளை ஏறக்குறைய மூன்று வாரத்தில் புதுக் கிழங்கு வைக்க ஆரம்பிக்கிறது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் மண்ணை ஒட்டிச் சீவிவிட்டால், கிழங்கு சேர்த்துவைத்ததைச் செலவு செய்துகொண்டே இருக்கும், புதிதாகச் சேர்க்க முடியாது. ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பட்ட பாடெல்லாம் வீண். ஆடி மழைக்கு அந்த இடத்தில் சர்க்கரைவள்ளியோ தட்டைப்பயறோ நெருக்கமாகப் போட்டு மூடிவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டை நம்பவேண்டாம், கோரை முளை ஊசி மாதிரி அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

மருந்தைப் பொறுத்தவரை, பாலக்கோடு பக்கம் கரும்பு போடுகிறவர்கள் கோரைக்கு ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் அடிப்பதுண்டு. அது கரும்புக்குச் சரி, தக்காளியும் மிளகாயும் கலந்து நிற்கும் வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்லமாட்டேன். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது, பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாகத்தான் அடிக்கலாம். அடித்தாலும் பச்சைத் தழையோடு ஒட்டியிருக்கும் கிழங்குக்குத்தான் போகும், தூங்குகிற கிழங்குக்குப் போகாது. 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி தழையைக் கருக்குவதோடு சரி. அதன் சாரல் பட்டாலே தக்காளி இலை முறுக்கிக்கொள்ளும்.

இரண்டு கோடையாவது ஆகும். நடுவில் மேடு தூக்க மண் லோடு அடிக்கிற எண்ணம் இருந்தால், அவர்கள் மண் எடுக்கும் இடத்திலிருந்து ஒரு கூடை மண்ணை முன்னதாகவே வாங்கி, ஈரமாக்கிப் பத்துப் பதினைந்து நாள் வைத்துப் பாருங்கள். கோரை முளைத்தால் அந்த லோடு வேண்டாம்.