பல மொழி பேசும் பள்ளிப் பிள்ளைகளோடு கைப்பேசியை வைத்துக்கொண்டு அறிவியல் களப்பணி செய்ய முடியுமா? எந்த மொழியில் பதியச் சொல்வது?

முடியும். நான் புதுச்சேரியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். கேரளத்தை ஒட்டி மலையாளம் பேசும் மாகேயும், ஆந்திரத்தை ஒட்டித் தெலுங்கு பேசும் ஏனாமும் இதே ஒன்றிய ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தவை என்பதால், அங்கிருந்து இங்கே குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள், பிரெஞ்சு பேசும் வீட்டுப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குழுவில் வருவது எங்களுக்குப் பழகிய ஒன்று. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நாங்கள் பெரும்பாலும் அழைத்துச் செல்வது அரியாங்குப்பம் ஆற்று முகத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டுக்குத்தான்.

எந்த மொழி என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது: கேள்விகள் எல்லா மொழியிலும் இருக்கட்டும், விடைகள் ஒரே குறியீட்டில் சேரட்டும், பிள்ளை தன் வீட்டில் வழங்கும் சொல்லுக்கு மட்டும் அந்தப் படிவத்திலேயே தனி இடம் வையுங்கள்.

இதை நான் ஒரு தவறின் வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். முதல் முறை சென்றபோது ஆங்கிலப் படிவம் ஒன்றை நானே பாடநூல் தமிழில் மாற்றி, 'ஓதத்தின் நிலை: உயர் ஓதம், தாழ் ஓதம்' என்று எழுதிக் கொடுத்தேன். ஓதம் என்றால் கடல்நீரின் ஏற்ற இறக்கம். நம் கரையில் நீர் ஏறி இறங்கும் உயரமே ஒரு மீட்டருக்கும் குறைவு. ஊருக்குள் வளர்ந்த பிள்ளைக்கு அது கண்ணிலேயே படாது. சொல்லும் புரியாமல், பார்க்க வேண்டியது எதுவென்றும் தெரியாமல், பெரும்பாலானவர்கள் முதலில் இருந்த விடையையே தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் சேற்றில் குனிந்து, பென்சில் நட்டதுபோல் நிமிர்ந்து நின்ற மூச்சுவேர்களைக் காட்டி, "தண்ணி வத்துது சார், வேர்ல ஈரக்கோடு பாருங்க" என்றாள். வேர் பாதி உயரம்வரை ஈரமாக இருந்தது. நீரோ அந்த ஈரக்கோட்டுக்கு நான்கு விரல் கீழே நின்றது. இதைவிடத் தெளிவான களக்குறிப்பை நான் எந்தக் கையேட்டிலும் கண்டதில்லை. ஆனால் அவளுடைய சொல்லை எழுத என் படிவத்தில் இடமே இல்லை.

அடுத்த முறை அந்தக் கேள்வியை 'தண்ணீர் ஏறுகிறதா, வற்றுகிறதா? வேரின் ஈரக்கோட்டைப் பார்' என்று மாற்றினேன். கைப்பேசியில் படிவம் நிரப்பித் தரவு சேர்க்க உதவும் ஓடிகே கலெக்ட், கோபோ டூல்பாக்ஸ் இரண்டிலும் படிவத்தை ஒரு விரிதாளாகத் தயாரிக்கலாம். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நெடுவரிசை. விடைக்குப் பின்னால் நிற்கும் குறியீடு எல்லா மொழிக்கும் பொது. பிள்ளை தெலுங்கில் படித்துத் தொட்டாலும் பிரெஞ்சில் படித்துத் தொட்டாலும், பிறகு எண்ணிப் பார்க்கும்போது அது ஒரே விடையாகத்தான் வந்து சேரும். படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே மொழியை மாற்றிக்கொள்ளலாம். இணையம் கிடைக்காத இடத்தில் பதிந்து, பள்ளிக்குத் திரும்பிய பின் அனுப்பலாம். இருப்பிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸுக்கும் இணையம் வேண்டியதில்லை. ஆனால் மரக்கூரையின் அடியில் அது சற்றுத் தடுமாறும் என்பதால், பிழை பத்து மீட்டருக்குள் வரும்வரை பொறுத்திருக்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடாதீர்கள். அந்தந்த மொழி பேசும் பெற்றோர் ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லித் திருத்துங்கள்.

வீட்டுச் சொல்லுக்கான இடத்தில் நாங்கள் எழுதச் சொல்வதில்லை, ஒலிப்பதிவு செய்யச் சொல்கிறோம்: 'இதை உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? இருபது நொடி பேசு.' வீட்டில் தெலுங்கு பேசினாலும் அந்த எழுத்தை அறியாத பிள்ளைகள் இங்கே உண்டு. எழுதச் சொன்னால் அவர்கள் வாய் அடைத்துப்போகும். வகுப்பில் அந்தப் பதிவுகளைச் சேர்ந்து கேட்கும் மணிநேரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏனாம் பக்கத்துப் பையன் இந்தக் காட்டை 'மட அடவி' என்கிறான். அவன் ஊருக்கு அருகில் கோதாவரி முகத்தில் கோரிங்கா அலையாத்திக் காடு இருக்கிறது. மாகேயிலிருந்து வந்த பிள்ளை சொல்லும் 'கண்டல்' நம் தமிழிலும் உள்ள சொல்லே. வெண்கண்டல் என்ற மரப்பெயரில் அது இருப்பதைத் தமிழ்ப் பிள்ளைகளே அன்றுதான் கவனிக்கிறார்கள். பிரெஞ்சு பேசும் பெண் காட்டுக்கு ஒரு சொல்லும் மரத்துக்கு 'பலெத்துவியே' என்று இன்னொரு சொல்லும் சொல்ல, காடும் மரமும் ஒன்றா வேறா என்ற வாதம் தொடங்கியது. அறிவியற்பெயர் எதற்காக வேண்டும் என்பதை நான் தனியாக விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

கைப்பேசியின் உணரிகளையும் பயன்படுத்தலாம். ஃபைஃபாக்ஸ் செயலியில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளந்து, மரநிழலையும் திறந்த கரையையும் ஒப்பிடுகிறோம். ஆண்ட்ராய்டில்தான் இது நடக்கும். ஐபோன் தன் ஒளியுணரியைச் செயலிகளுக்குத் திறந்துவிடுவதில்லை. கைப்பேசிக்குக் கைப்பேசி அளவு மாறுவதால், புறப்படும் முன் எல்லாவற்றையும் ஒரே மேசையில் அருகருகே வைத்து அளந்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வேலையே ஒரு நல்ல பாடம். உப்புத்தன்மையைக் கைப்பேசி அளக்காது. அதற்குத் தனிக் கருவிதான் வேண்டும்.

எடுத்த படங்களை, உயிரினங்களைப் பதிந்து இனம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்ற விரும்பினால் ஆசிரியரின் கணக்கிலிருந்து ஏற்றுங்கள். பதின்மூன்று வயது நிரம்பாத பிள்ளைகள் தாமாக அங்கே கணக்குத் தொடங்கக் கூடாது. அவர்களுக்குக் கணக்கே தேவைப்படாமல் படத்தைக் கொண்டு இனம் சொல்லும் சீக் செயலி போதும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லோரும் குழந்தைகளே. பிள்ளையின் குரலைப் பதிவதால், பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தையும் அவரவர் வீட்டுமொழியிலேயே கொடுங்கள். படிக்க முடியாத தாளில் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது.

நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி போதும். படம் எடுப்பவர், கேட்பவர், பதிபவர், அளப்பவர் என்று வேலையை மாற்றிக்கொண்டே இருக்கட்டும். முதல் கால் மணிநேரம் கைப்பேசி பையிலேயே இருக்கட்டும், கண் பழக வேண்டும். நீர் வற்றத் தொடங்கும் காலை நேரமாகப் பார்த்துப் புறப்படுங்கள். சேற்றில் கால் வைக்கப் பழைய செருப்பும், கைப்பேசிக்கு ஒளி ஊடுருவும் நெகிழிப் பையும் வேண்டும். வெண்கண்டல் இலையில் படிந்திருக்கும் உப்பை நாக்கில் தொட்டுப் பார்க்க எங்கள் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம். நீங்கள் கடலூர் பக்கம் பிச்சாவரத்துக்குப் போவதாக இருந்தால் அந்தப் பழக்கத்தை முதலிலேயே தடுத்துவிடுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் அங்கே உண்டு. இலையைக் கிள்ளினால் வடியும் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். அந்த எச்சரிக்கையை மட்டும் படிவத்தின் முதல் பக்கத்தில், எல்லா மொழியிலும், மரத்தின் படத்தோடு வையுங்கள்.