எம்.ஏ. ஆங்கிலத்தில் சாசர்தான் வேண்டும் என்கிறாளா?

"என் மகள் எம்.பி.ஏ. வேண்டாம், எம்.ஏ. ஆங்கிலம்தான் என்கிறாள், அதிலும் அறுநூறு வருஷப் பழைய கதைகளில் ஆராய்ச்சியாம், சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன் சார், உடனே போடாது. ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி உதவாத படிப்பும் இல்லை.

அவள் சொல்வது பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளை. 1387 வாக்கில் எழுதத் தொடங்கியவை. இங்கிலாந்தின் கேன்டர்பரி தேவாலயத்துக்கு யாத்திரை போகிறவர்கள் வழியில் கதை சொல்கிறார்கள். நீதிக்கதை என்றால் கடைசியில் ஒரு நீதி, அவ்வளவுதானே என்று நினைப்போம். இங்கே நீதியைவிட அதைச் சொல்கிற ஆளைத்தான் கவனிக்க வேண்டும். பாவமன்னிப்புச் சீட்டு விற்கிற ஒருவன் வருகிறான், பன்றி எலும்பைப் புனிதர் எலும்பென்று காட்டிக் காசு பறிப்பவன். பேராசைதான் எல்லாத் தீமைக்கும் வேர் என்பது அவனுடைய ஒரே பிரசங்கம், அதைச் சொல்வதும் காசுக்காகத்தான் என்று அவனே கூசாமல் ஒப்புக்கொள்கிறான். கதையோ அருமை: சாவையே கொல்லப்போகிறோம் என்று கிளம்பிய மூன்று குடிகாரர்கள் மரத்தடியில் தங்கக்காசுக் குவியலைப் பார்க்கிறார்கள், ரொட்டியும் மதுவும் வாங்கப் போன இளையவன் மதுவில் விஷம் கலந்து வருகிறான், மற்ற இருவரும் அவனைக் குத்திக் கொன்றுவிட்டு அந்த மதுவைக் குடித்துச் சாகிறார்கள். இதே மாதிரிக் கதை பௌத்த ஜாதகக் கதைகளிலும் உண்டு, அங்கே சோற்றில் விஷம். கதை முடிந்த கையோடு கேட்ட கூட்டத்திடமே புனிதப் பொருளை விற்கப் பார்க்கிறான் பாருங்கள், அங்கேதான் பாடமே இருக்கிறது. அயோக்கியன் சொன்ன நல்ல கதையை என்ன செய்வது? நோட்ஸை மனப்பாடம் செய்து இதற்கு விடை எழுத முடியாது, வரி வரியாகப் படித்து வாதாட வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். உதவிப் பேராசிரியர் ஆக எம்.ஏ.வில் பொதுப்பிரிவுக்கு 55 சதவீதம், கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, இல்லையென்றால் பிஎச்.டி. பள்ளியில் முதுகலை ஆசிரியர் என்றால் பி.எட்., அப்புறம் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு. ஐ.ஏ.எஸ். ஆசையும் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளட்டும்: விருப்பப் பாடமான ஆங்கில இலக்கியத்தின் முதல் தாள் 1600இல்தான் தொடங்குகிறது, சாசர் அதில் வரமாட்டார். அரசுப் பணி அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாததால், படிக்கும்போதே நெட்டுக்குத் தயாராவதோடு எடிட்டிங், பிழைதிருத்தம் என்று கைத்தொழில் ஒன்றையும் பழகுவது நல்லது. சாசரே கவிதையை நம்பி வாழவில்லை, 1374 முதல் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்குப் பார்த்தவர்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பழைய வினாத்தாள்களை வாங்கிப் பாருங்கள். "சாசரின் பாத்திரப்படைப்பு பற்றிக் கட்டுரை வரைக" என்பதே வருஷா வருஷம் வந்திருந்தால் அங்கே கைடு படித்துத்தான் பாஸ் செய்கிறார்கள். நாலு வரியைக் கொடுத்து விளக்கச் சொல்லியிருந்தால் தைரியமாகச் சேருங்கள்.

அதற்கு முன்னால் இந்த லீவில் அவளைக் கேன்டர்பரி கதைகளின் பொது முன்னுரையை மூலத்திலேயே படிக்கச் சொல்லுங்கள், 858 வரிதான். எலி பொறியில் சிக்கினாலே அழுகிற ஒரு கன்னியாஸ்திரி அதில் வருகிறாள், தன் நாய்க்குட்டிகளுக்கு வறுத்த இறைச்சி ஊட்டுகிறாள், ஏழைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. சாசர் அவளைப் புகழ்கிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று மகளிடம் கேளுங்கள். அரைமணி நேரம் விடாமல் பேசினாள் என்றால் ஃபீஸ் கட்டிவிடுங்கள்.