எடை குறைக்கும் பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

கேள்வி: வயது 46. கோட்டையூரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். உயரம் 155 செ.மீ., எடை 82 கிலோ. சர்க்கரை இப்போதுதான் எல்லையைத் தொட்டிருக்கிறது, மாத்திரை இல்லை, ஆனால் எடையைக் குறைத்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுரையில் ஒரு ஸ்லிம்மிங் சென்டரில் நான்கு மாதத்துக்கு 48,000 ரூபாய் கேட்கிறார்கள். மெஷின், மசாஜ் எல்லாம் உண்டாம். பக்கத்து வீட்டு ஆச்சி ஷேக் பவுடர் தருகிறார். ‘நீயும் சேந்துக்க, நாலு பேருக்கு வித்தா டப்பா காசு வந்துரும்’ என்கிறார். மகளோ போனில் ஆப் போதும் என்கிறாள். எதில் சேரலாம்?

பதில்: அம்மா, முதலில் இலக்கைச் சரிபார்ப்போம். உங்கள் எடையில் 5 சதவீதம் என்பது நான்கு கிலோ. அந்த நான்கு கிலோ இறங்கினாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். வாரம் அரை கிலோ என்று வைத்தால் இரண்டு மாத வேலை. ‘இருபது கிலோ குறைக்கணும், பெரிய பேக்கேஜ்தான் சரிப்படும்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு வாங்கி எடை குறைக்கும் திட்டங்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2015-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 32 திட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் முறையான சோதனைக்கு உட்பட்டிருந்தவை 11தான். வெயிட் வாட்சர்ஸ் என்ற திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஓராண்டு முடிவில், சேராதவர்களைவிடக் கூடுதலாக இறக்கியது சுமார் 2.6 சதவீதம். சாப்பாட்டையே பெட்டியில் அனுப்பிய ஜென்னி கிரெய்கில் 4.9 சதவீதம். உங்கள் எடைக்கு அது இரண்டு கிலோ, நான்கு கிலோ. உலகமே அறிந்த பெயர்களுக்கே பலன் இவ்வளவுதான். இதைக் குறைவு என்று நான் சொல்லவில்லை, உங்களுக்குத் தேவையான அளவும் கிட்டத்தட்ட அதுவேதான். ஆனால் இதற்குமேல் வாக்குக் கொடுப்பவரை நம்பிக் காசை நீட்டாதீர்கள்.

அந்தத் திட்டங்களில் வேலை செய்தது எது? 1963-ல் நியூயார்க்கில் தொடங்கிய வெயிட் வாட்சர்ஸில் மெஷினும் கிடையாது, மசாஜும் கிடையாது. வாராவாரம் கூடி எடை பார்ப்பார்கள், சாப்பிட்டதைக் கணக்கு வைப்பார்கள், ஏறினாலும் இறங்கினாலும் கேட்க ஆள் இருக்கும். காசு கொடுப்பதாக இருந்தால் இந்தக் கண்காணிப்புக்குக் கொடுங்கள்.

இப்போது மதுரை சென்டர். இவர்கள் மெஷினோடு ஒரு டயட் சார்ட்டும் கையில் தருவார்கள். எடை இறங்குவது பெரும்பாலும் அந்தச் சார்ட்டால். வியர்க்க வைக்கும் பெல்ட்டில் போவது தண்ணீர். வீட்டுக்கு வந்து இரண்டு செம்பு குடித்தால் திரும்பிவிடும். அதனால் ‘டயட்டீஷியன் ஆலோசனைக்கு மட்டும் எவ்வளவு?’ என்று கேளுங்கள். தனியாகத் தர மாட்டோம் என்றால் மெஷினுக்கும் சேர்த்துத்தான் உங்களிடம் வாங்குகிறார்கள் என்று அர்த்தம். அப்புறம், கோட்டையூரிலிருந்து மதுரைக்கு ஒவ்வொரு தடவையும் போய் வர அன்றைய வியாபாரம் கெடும். அதையும் அந்த 48,000-ல் கூட்டிப் பாருங்கள். என்னைக் கேட்டால் இது வேண்டாம்.

ஷேக் பவுடர். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தால் கலோரி குறையும், எடை இறங்கும். அதில் பொய் இல்லை. இட்லியும் சாப்பிட்டுவிட்டு ஷேக்கும் குடித்தால் கூடத்தான் செய்யும். டப்பா விலையை அது எத்தனை டம்ளருக்கு வருமோ அதால் வகுங்கள், கலக்கும் பாலின் விலையைக் கூட்டுங்கள். ஒரு டம்ளர் என்ன விலைக்கு வருகிறது என்று தெரியும். இரண்டு முட்டையும், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டலும் சேர்ந்தால் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் கிடைக்கும். டப்பாவில் ஒரு வேளைக்கு எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இன்னொன்று, பவுடரை நிறுத்திய மறுநாள் என்ன சாப்பிடுவது என்பதை அந்த டப்பா சொல்லித் தராது.

‘நீயும் சேந்துக்க’ என்பது வேறு விஷயம். இதேபோல் ஷேக் பவுடரை ஆட்கள் மூலம் விற்கும் ஹெர்பலைஃப் நிறுவனம், விற்பனையில் வருமானம் வரும் என்று மக்களை ஏமாற்றியதாக எழுந்த புகாரில், 2016-ல் அமெரிக்க வணிக ஆணையத்தோடு 20 கோடி டாலர் கொடுத்து உடன்பாட்டுக்கு வந்தது. நம் நாட்டிலும் 2021-ல் இப்படிக் கடை இல்லாமல் ஆட்கள் மூலம் நடக்கும் நேரடி விற்பனைக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிடு திட்டத்துக்குத் தடை உண்டு, சேர நுழைவுக் கட்டணம் கேட்கக் கூடாது. ஆச்சி மேல் குறை சொல்லவில்லை, அவரும் நம்பித்தான் சேர்ந்திருப்பார். வாங்குவதானால் ஒரு டப்பா வாங்கிப் பாருங்கள், விற்கச் சேராதீர்கள்.

ஆப். 2012-ல் தொடங்கிய ஹெல்த்திஃபைமி போன்றவற்றில் இந்தியச் சாப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது, இலவசமாகவே பதியலாம். கந்தரப்பம், மனகோலம் போன்றவை அதில் அகப்படாவிட்டால் நெருக்கமான ஒன்றாகப் பதியுங்கள், பெரிய தப்பு வராது. காசு கட்டிப் பயிற்சியாளர் எடுத்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், கட்டியதும் மாதாமாதம் தானாகக் காசு பிடிக்கும் ஆட்டோபே ஓடுகிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் எந்த ஆப்பும் கேட்காத ஒரு கேள்வி உங்களுக்கு இருக்கிறது. பதம் பார்க்க வாயில் போடும் தேன்குழல் எவ்வளவு? எண்ணெய்ப் பலகாரம் 100 கிராம் என்றால் சுமார் 500 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120. நாளைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். ருசி பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அதே அளவு இன்னொரு துண்டை ஒரு கிண்ணத்தில் எடுத்துப் போட்டு வையுங்கள். சாயங்காலம் உங்கள் கடைத் தராசிலேயே கிண்ணத்தை நிறுத்துப் பாருங்கள். 80, 100 கிராம் வந்தால் மதுரைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பதம் பார்க்கும் வேலையை மகளோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக என் யோசனை: இலவச ஆப், மாதம் ஒரு முறை டயட்டீஷியன் ஒருவரை நேரில் பார்ப்பது, சனிக்கிழமை காலையில் எடை. இரண்டு மாதம் போகட்டும், அப்புறம் டாக்டரிடம் சர்க்கரையைக் காட்டுங்கள்.

கேள்வி: ‘30 நாளில் 10 கிலோ, மூலிகைப் பவுடர், பக்க விளைவு இல்லை’ என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா? (பொன்னமராவதி வாசகர்)

பதில்: வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி. 30 நாளில் பத்துக் கிலோ போக நாளுக்கு 2,500-க்கு மேல் குறைக்க வேண்டும். பலர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதே அவ்வளவு வராது. உடல் பருமனைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டமே தடுக்கிறது. சாப்பாட்டுப் பொருள் என்று சொன்னால் டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும்.

கேள்வி: தேவகோட்டையில் ஒரு சென்டரில் ஆறு மாதத்துக்கு 24,000 கட்டினேன். ஐந்தாவது வாரத்தில் கிளையை மூடிவிட்டு ‘திருச்சிக்கு வாங்க’ என்கிறார்கள். ரசீதில் ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது. விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடாதீர்கள். தேவகோட்டையில் தருவதாகச் சொன்ன சேவையை நிறுத்தியது அவர்கள். அச்சடித்த ஒரு வரி அந்தக் குறைபாட்டை மறைத்துவிடாது. மீதி மாதங்களுக்கான பணத்தைக் கேட்டு பெற்றதற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், திருச்சிக்கு அலைய வேண்டாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், பூட்டிய கிளையின் போட்டோ மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள்.